அண்ணா எழுதுகிற வாக்குமூலங்களையும் கணக்கில் எடுங்கள்

தேசிய பொலிஸ் ஆணைக்குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். திருகோணமலையில் இருந்து எழுதுகிறேன். என் அண்ணா பொலிஸ் கான்ஸ்டபிள். எந்த நிலையம் என்று சொல்லவில்லை, சொன்னால் அவருக்குத்தான் கரைச்சல்.

காணித் தகராறு, வலையை வெட்டிவிட்டார்கள், புருஷன் அடித்துவிட்டான் என்று முறைப்பாட்டோடு வருகிற எங்கள் சனத்துக்குச் சிங்களம் தெரியாது, மேசையில் இருப்பவருக்குத் தமிழ் தெரியாது, உடனே அண்ணாவைத்தான் கூப்பிடுவார்கள். டியூட்டி முடிந்து வீட்டுக்கு வெளிக்கிட்டவரைப் பாதி வழியில் திருப்பிக் கூப்பிட்ட நாட்களும் உண்டு. ஒரு தாய் அழுதழுது சொல்வதைப் பொறுமையாகக் கேட்டு எழுதி, வாசித்துக் காட்டி, கையொப்பம் வாங்கி முடிக்க சில நாள் மூன்று மணித்தியாலம் போய்விடும். அதே நேரத்துக்குள் வீதியில் நிற்கிற இன்னொருவர் ஹெல்மெட் போடாத நாலு பேரைப் பிடித்து வழக்கு எழுதிவிடுவார். வருட முடிவில் செயலாற்றுகை மதிப்பீடு வரும்போது அவருக்கு நாலு, அண்ணாவுக்கு ஒன்றும் இல்லை.

போன முறை அண்ணாவை மதிப்பிட்ட அதிகாரி 'கேஸ் காணாது' என்று வாயால் சொன்னார், அவ்வளவுதான், எழுத்தில் ஒரு காரணமும் இல்லை. அந்த அதிகாரி கெட்டவர் என்று சொல்ல வரவில்லை, அவரிடமும் மேலிடம் எண்ணிக்கையைத்தான் கேட்கிறது. ஆனால் எண்ணிக்கைக்காக வழக்குப் போடத் தொடங்கினால் அதில் முதலில் அகப்படுவது சந்தியில் நிற்கிற எங்கள் பெடியன்கள். நேர்மையான ஒருவர் வேண்டாத வழக்கைப் போடாமல் விட்டால் அதுவும் அவருக்கே குறையாக விழுகிறது. இதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது.

தமிழும் அரசகரும மொழி என்று 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தத்தில் எழுதியாயிற்று. சரி, அதை இரவு பத்து மணிக்கு நிலையத்து மேசையில் உண்மையாக்குகிறவர் யார்? அண்ணா மாதிரி ஆட்கள்தானே. பதவி உயர்வும் இடமாற்றமும் யாருடைய விருப்பு வெறுப்பிலும் தொங்கக்கூடாது என்றுதானே 2001 இல் 17 ஆவது திருத்தம் உங்கள் ஆணைக்குழுவையே கொண்டுவந்தது.

உங்கள் முடிவுகளை எதிர்த்து முறையிட நிர்வாக மேன்முறையீட்டு நியாயசபை இருக்கிறதே என்பீர்கள். லீவு எடுத்து, பஸ் ஏறி, கொழும்புப் பக்கம் அலைவதை விடுங்கள், காரணமே எழுதாத ஒன்றை எதிர்த்து அவர் என்னத்தை எழுதுவது?

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. தமிழில் எடுத்த வாக்குமூலங்களுக்கும் செய்த மொழிபெயர்ப்புகளுக்கும் மதிப்பீட்டில் ஓர் இடம் வையுங்கள். புள்ளி குறைத்தால் காரணத்தை எழுதச் சொல்லுங்கள். அப்புறம், அது மேலே போகுமுன் சம்பந்தப்பட்டவருக்கு அவர் வாசிக்கிற மொழியில் காட்டி, பதில் எழுத இரண்டு வாரமாவது கொடுங்கள். சிங்கள ஊர்களில் நாள் முழுக்க முறைப்பாடு எழுதிக் களைக்கிற கான்ஸ்டபிள்களுக்கும் இது உதவும். இந்த வருட மதிப்பீடு தொடங்குமுன் ஒரு சுற்றறிக்கை அனுப்பினாலே போதும்.

இப்படிக்கு,
ஒரு கான்ஸ்டபிளின் தங்கை,
திருகோணமலை