பிரேக் காலிப்பரை மாற்றும் முன் நிப்பிளைத் திறந்து பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

தினமும் பிறையிலிருந்து பாயான் லெப்பாஸுக்கு வேலைக்குப் போகிறவன் நான். போன மாதம் ஒருநாள் காலை, பினாங்குப் பாலத்து நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து பாதி தூரம் போயிருப்பேன், காடி இழுக்க மாட்டேன் என்றது. எண்ணெய் அமுக்கினால்தான் நகர்கிறது, காலை எடுத்தால் யாரோ பின்னாலிருந்து பிடித்த மாதிரி நின்றுவிடுகிறது. பிரேக் பெடல் கல் மாதிரி இறுகி மேலேயே நிற்க, கருகிய வாடை வேறு. 13.5 கிலோமீட்டர் பாலத்தில் நடுவழியில் எங்கே போவது? ஓரங்கட்டி முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் ஒன்றுமே நடக்காதது போல ஓடியது.

ஒர்க்‌ஷாப்பில் விட்டபோது காடி ஆறிப்போயிருந்தது, சக்கரம் நன்றாகவே சுற்றியது. சரி, சக்கரத்தில் பிரேக் கட்டையை அமுக்கிப் பிடிக்கும் காலிப்பராகத்தான் இருக்கும் என்று முன்பக்கம் இரண்டையும் மாற்றி 460 வெள்ளி வாங்கினார்கள். நான்காம் நாள் அதே கதை.

பாகானில் சின்னதாகக் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் போனேன். "ஆறிப்போன காடியில என்னத்தப் பாக்குறது தம்பி?" என்று அவரே பின்சந்தில் மெதுவாகச் சுற்றிச் சுற்றி ஓட்டி, பிரேக் பிடித்ததும் ஜாக்கி போட்டுத் தூக்கினார். சக்கரம் கையால் அசையவில்லை. காலிப்பரில் ஆயிலை வெளியே விடும் சின்னத் திருகான நிப்பிளைக் கால் சுற்று தளர்த்தினார், பிரேக் ஆயில் பீய்ச்சியது, சக்கரம் சுற்றியது. காலிப்பரோ அது நகர்ந்துகொடுக்கும் ஸ்லைடு பின்னோ இறுகியிருந்தால் ஆயிலை விட்டாலும் சக்கரம் விடாது, விட்டதால் அழுத்தம்தான் உள்ளே சிக்கியிருக்கிறது என்றார். மறுபடி சூடாக்கி, இந்த முறை பெடலை மிதித்தால் ஆயிலை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் பம்பை, மிதிக்கும் பலத்தைக் கூட்டிக் கொடுக்கும் செர்வோவில் பிடித்திருக்கும் இரண்டு நட்டைத் தளர்த்தி, பத்து காசு கனத்துக்கு முன்னால் இழுத்தார். நான்கு சக்கரமும் விட்டன!

ஆறு மாதத்துக்கு முன் ஹாஃப் கட் செர்வோ, அதாவது வெட்டிக் கொண்டுவந்த பழைய காடியிலிருந்து கழற்றியது ஒன்று போட்டிருந்தேன், மாஸ்டர் பம்ப் பிஸ்டனைத் தள்ளும் அதன் தள்ளுகம்பி ஒரு மயிரிழை கூடுதல் நீளம். அதனால் காலை எடுத்த பிறகும் மாஸ்டர் பம்ப் பிஸ்டன் முழுசாகப் பின்னால் வரவில்லை, ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் ஊசிமுனை ஓட்டையை அடைத்துக்கொண்டே நின்றது. சூட்டில் ஆயில் விரியும், திரும்பிப் போக வழியில்லை, பிரேக் தானாகப் பிடிக்கும், பிடித்தால் இன்னும் சூடு. ஆறினால் விட்டுவிடும், அதனால்தான் கடைக்குப் போகும்போது நல்ல பிள்ளையாக இருந்தது. கம்பியைக் குறைத்துக் கொடுத்துவிட்டு 50 வெள்ளி மட்டும் வாங்கினார்.

ஒரே ஒரு சக்கரம் சூடாகி காடி ஒரு பக்கம் இழுத்தால் அது காலிப்பர், அதன் ஸ்லைடு பின், அல்லது உள்ளே ஊறி அடைத்த ரப்பர் ஹோஸ். பின்சக்கரம் மட்டுமென்றால் ஹேண்ட்பிரேக் கேபிளையும் பாருங்கள். யாராவது பிரேக் டப்பாவில் பவர் ஸ்டீரிங் எண்ணெயை ஊற்றியிருந்தால் ரப்பரெல்லாம் ஊதி அதே ஓட்டையை அடைக்கும், அதற்கு 50 வெள்ளி போதாது.

பிடிக்கும் காடியை அப்படியே ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். ஆயில் கொதித்துவிட்டால் பெடல் தரைக்குப் போய்விடும், மிதித்தாலும் நிற்காது. மெக்கானிக் நண்பர்களே, பொருளை மாற்றும் முன் அந்த நிப்பிளைத் தளர்த்திப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

கழற்றிய காலிப்பர் இரண்டையும் கேட்டு வாங்காமல் வந்தது மட்டும் என் தப்பு.

பழைய காடிக்காரன்,
பிறை