எலிக்காய்ச்சல் மாத்திரையும் என் செல்களும்

அன்புள்ள சேகருக்கு,

எலிக்காய்ச்சலுக்கு டாக்சிசைக்ளின் சாப்பிட்டுத் தேறி வருவதாக நீ எழுதியிருந்ததைப் படித்து நிம்மதியடைந்தேன். அதே மருந்தைத்தான் மூன்று மாதங்களாக நான் ஆய்வகத்தில் மனிதச் செல்களுக்குக் கொடுத்து வருகிறேன். ஆனால் இங்கே அதற்குக் கிருமியைக் கொல்லும் வேலை இல்லை. நாங்கள் செலுத்திய, செல்லை ஒளிரச் செய்யும் ஒரு மரபணுவை அது விழிக்கச் செய்கிறது.

உன் மருந்தின் இனமான டெட்ராசைக்ளினுக்குப் பணியாத ஈ. கோலை பாக்டீரியாவில், அம்மருந்தை வெளியே தள்ளும் புரதத்துக்கான மரபணுவை ஓர் அடக்கிப் புரதம் டி.என்.ஏ.வின் மேல் அமர்ந்து தடுத்திருக்கும். மருந்து வந்து ஒட்டியதும் அது பிடியை விட்டு விலகும். 1992இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் மன்ஃப்ரெட் கோசனும் ஹெர்மன் புயார்டும் அந்த அடக்கியோடு ஹெர்பிஸ் வைரஸ் புரதமொன்றின் தூண்டும் பகுதியை இணைத்து, அடக்கியையே தூண்டியாக்கினார்கள். ஹீலா என்னும் மனிதப் புற்றுநோய்ச் செல்களில், ஒளி உண்டாக்கும் லூசிஃபெரேஸ் மரபணுவின் செயல் ஒரு லட்சம் மடங்கு வரை ஏறி இறங்கியது. அதில் மருந்து சேர்த்தால் மரபணு அணைந்துவிடும். 1995இல் நான்கே அமினோ அமிலங்கள் மாறிய வடிவம் வந்தபோது நடத்தை தலைகீழானது: மருந்து இருந்தால்தான் அது டி.என்.ஏ.வைப் பற்றும். நாங்கள் கையாள்வது இவ்வடிவத்தைத்தான்.

என்னை அலைக்கழித்தது வேறொன்று. மருந்தே சேர்க்காத தட்டுகளிலும் செல்கள் மங்கலாக ஒளிர்ந்தன. கரைசல்களையெல்லாம் புதிதாகத் தயாரித்தும் பலனில்லை. கடைசியில் சந்தேகம் கன்றின் சீரத்தின் (இரத்தத்தின் தெளிநீர்) மேல் விழுந்தது: தீவனத்தோடு டெட்ராசைக்ளின் வகை மருந்து தின்ற மாட்டின் இரத்தத்தில் அது தங்கி, நாம் செல்லுக்கு ஊட்டும் சீரம் வரை வந்துவிடும். அம்மருந்து இல்லையெனச் சோதித்த சீரத்துக்கு மாறியதும் ஒளி பெருமளவு குறைந்தது. எஞ்சியது, மருந்தின்றியும் சற்றே செயல்படும் அந்தத் தூண்டியின் இயல்பான கசிவு; அதோடு ஒத்துப்போகத்தான் வேண்டும்.

இன்னொரு கவலையும் உண்டு. பாக்டீரியாவில் புரதம் செய்யும் ரைபோசோமைத் தடுக்கும் இம்மருந்து, பாக்டீரியாவின் உறவான, நம் செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் புரத உற்பத்தியையும் தொடும். ஆகவே மரபணு செலுத்தாத செல்களுக்கும் அதே அளவு மருந்து கொடுத்து ஒப்பிடாமல் நான் எந்த முடிவையும் எழுதுவதில்லை.

மாத்திரையைப் பாலோடு விழுங்காதே. கால்சியம் அதைப் பிடித்துக்கொள்ளும். உடல்நிலை பற்றி எழுது.

அன்புடன்,
கண்ணன்