கொழும்பில் இருக்கும் மகளுக்கு

அன்பு மகள்,

சில கிழமைகளாக உன் அழைப்பு இல்லை. வேலை கூடியிருக்கும். நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? பஸ்ஸில் அனுப்பிய தயிர்ச் சட்டி உடையாமல் வந்ததா?

கொழும்பில் பல இடங்களில் ஆட்களை வேலையிலிருந்து நிறுத்துகிறார்களாம், சித்தி சொன்னாள். உன் இடத்திலும் அப்படியா என்று நான் கேட்கப் போவதில்லை.

உனக்குப் பயம் வந்தால் பேச்சுச் சுருங்கிவிடும். பெறுபேறு வரும் நாளில் யாரோடும் வாய் திறக்க மாட்டாய். வீட்டில் எங்களுக்கு அது விளங்கும். உன்னிடம் வேலை செய்பவர்களுக்கு விளங்காது. பொறுப்பில் இருப்பவர் பேசாவிட்டால், பட்டியலில் தன் பெயர்தான் முதலில் இருக்கிறது என்று ஒவ்வொருவரும் நினைப்பார்கள். கெட்டிக்காரர்கள் முதலில் போய்விடுவார்கள். நேரில் பேசு மகள்.

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. இரசாயன உரத்தடையால் பெரும்போக நெல் விளைச்சலும் விழுந்திருந்தது. நம் நெல் ஆலை முற்றத்தில் எல்லோரையும் இருத்தி, கணக்குக் கொப்பியை விரித்து வைத்தேன். நெல் அவிக்கும் பெரியவர் உமி ஒட்டிய விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "முறை வைத்து ஆளுக்கு மூன்று நாள் வேலை செய்வோம் முதலாளி" என்றார். ஒருவரையும் நிறுத்தாமல் அந்த ஆண்டைக் கடந்தோம். கொப்பி மூடியிருந்தால் அந்த யோசனை அவர் வாயில் வந்திராது.

வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் டைலனோல் என்ற வலி மருந்தின் கதையை எனக்குச் சொன்னவளே நீதான். 1982இல் சிகாகோப் பகுதியில் யாரோ அந்த மருந்தில் சயனைடு கலந்து 7 பேர் இறந்தார்கள். தொழிற்சாலையில் பிழை இல்லை. ஆனாலும் அதைத் தயாரித்த ஜோன்சன் அன்ட் ஜோன்சன் கொம்பனி ஏறக்குறைய 3 கோடியே 10 இலட்சம் போத்தல்களைத் திருப்பி எடுத்தது. மருந்தைக் கையில் வைத்திருப்பவரின் பயத்தை அவர்கள் முதலில் எண்ணினார்கள் என்று நீ சொன்னபோது எனக்கு எவ்வளவு பெருமை! அந்தப் பிள்ளை இரவோடு இரவாகக் கைபேசிச் செய்தி அனுப்பி ஆட்களை நிறுத்துவாளா? மாட்டாய்.

சட்டமும் இருக்கிறது. 15 பேருக்குக் குறையாத இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்த அவருடைய எழுத்துச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும். 1971ஆம் ஆண்டுச் சட்டம் அது. உனக்குத் தெரியாததல்ல. ஆனால் பயத்தில் இருப்பவருக்குத் தெரிந்ததும் மறந்துபோகும். மேலிடம் எவ்வளவு அவசரப்படுத்தினாலும், மனம் கொதிக்கும் நேரத்தில் கையெழுத்து வைக்காதே. ஒரு இரவாவது தள்ளிப்போடு. அழுகை வந்தால் அம்மாவிடம் அழு, பிறகு உன்னிடம் வேலை செய்பவர்களிடம் போ. கணக்கைக் காட்டு. நேரில் பேசு.

எங்களோடும் பேசு. இங்கே கொம்பனி நடத்துபவளாக நீ பேச வேண்டியதில்லை. புதன்கிழமை இரவு ரயிலில் நான் வரட்டுமா? வேண்டாமென்றால் அதையாவது எழுது.

அப்பா