ஃப்ரேம்வொர்க்கை முடிவு செய்யும் டெக் லீடுகளுக்கு

அன்புள்ள டெக் லீடுகளுக்கு,

வணக்கம். புது ப்ராஜெக்ட் என்றால், ஸ்க்ரீன் ஒன்றுகூட வரையாத முதல் வாரத்திலேயே ஃப்ரேம்வொர்க் (வெப் ஸ்க்ரீன்களைக் கட்டத் தயாராகக் கிடைக்கும் கோட் சட்டகம்) 'ரியாக்ட்தான்' என்று முடிவாகிவிடுகிறது. ஏன் என்றால், "ஆள் கிடைக்கும்." நியாயம்தான். ஆனால் அந்த ஒரே காரணத்தில் நான் ஒருமுறை சூடுபட்டிருக்கிறேன்.

2015-ல் நான் சேர்ந்த இடத்தில் எல்லாமே கூகுளின் ஆங்குலர்ஜேஎஸ் ஃப்ரேம்வொர்க். அன்றைக்கு அதற்குத்தான் ஆள் கிடைத்தது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் கூகுள் ஆங்குலர் 2-ஐ வெளியிட்டது. பெயர்தான் ஒன்று, உள்ளே வேறு வீடு. மாற்றி எழுத நேரம் கேட்டோம், கிடைக்கவில்லை. 2021 டிசம்பர் 31-ல் கூகுள் பழையதைக் கைகழுவியபோதும் எங்கள் ஸ்க்ரீன்கள் அதில்தான் ஓடின. தொடவே பயந்தோம்.

இந்த விஷயத்தில் ரியாக்ட் பரவாயில்லை. 2019-ல் ஹூக்ஸ் என்ற புது எழுதும் முறை வந்தபோதும், பழைய முறையில் எழுதிய கிளாஸ் காம்பொனென்ட்கள் உடையவில்லை. அதைக் காரணமாகச் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

போன மாதம் ஒரு புகார்ப் படிவம் செய்தோம். பெயர், போன் நம்பர், இரண்டு ட்ராப்டவுன், ஒரு சப்மிட் பட்டன். இதற்கு ரியாக்ட், டேட்டாவை நிர்வகிக்க ரிடக்ஸ், மேலே பட்டன், பெட்டிகளுக்கென ஒரு யுஐ லைப்ரரி! என் லேப்டாப்பில் சட்டென்று வந்தது. வாட்ச்மேன் அண்ணனின் பழைய ஆண்ட்ராய்டில் வெறும் வெள்ளைத் திரை. "நெட் இல்லையா தம்பி?" என்றார். நெட் இருந்தது. இறங்கிய ஸ்கிரிப்டைப் படித்து ஓடவிடுவதற்குள் போனுக்கு மூச்சு வாங்கியது. அதே படிவத்தை வெறும் எச்டிஎம்எல்லில் எழுதிக் காட்டினேன். தொட்டதும் திறந்தது.

ஒரு ஃபில்டரைத் தொட்டால் நான்கு டேபிள் மாறுகிற டாஷ்போர்டு வேறு கதை. அதை ஃப்ரேம்வொர்க் இல்லாமல் எழுதினால் ஸ்டேட், அதாவது ஸ்க்ரீனில் உள்ள டேட்டாவின் அப்போதைய நிலை, எங்கே மாறுகிறது என்று தேடியே ஆயுள் போய்விடும். அங்கே ரியாக்டோ, அதே மாதிரி இன்னொரு ஃப்ரேம்வொர்க்கான வியூவோ தாராளமாக வரட்டும். ஸ்வெல்ட் என்ற ஃப்ரேம்வொர்க்கையும் பாருங்கள், பில்ட் செய்யும்போதே (கோடை வெளியிடத் தயாராக்கும்போதே) பெரும்பாலான வேலையை முடித்துவிடுவதால் பிரவுசருக்குச் சுமை குறைவு. தெரிந்த ஆள்தான் குறைவு.

கேட்பது இவ்வளவுதான். ப்ராஜெக்டிலேயே சிக்கலான ஸ்க்ரீன் ஒன்றை எடுத்து, இரண்டு நாளில் இரண்டு விதமாகச் செய்து பார்ப்போம். பிறகு அதை எழுதாத ஒருவரிடம் கொடுத்து ஒரு ஃபீல்டு சேர்க்கச் சொல்வோம். அவர் எங்கே தடுமாறுகிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

அடுத்த ப்ராஜெக்டின் கிக்ஆஃப் மீட்டிங் திங்கட்கிழமை. வாட்ச்மேன் அண்ணனிடம் போனை நான் கேட்டு வைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் முடிவுகளோடு பத்து வருடமாகக் குடித்தனம் நடத்தும் ஒரு ஃப்ரண்ட்எண்ட் டெவலப்பர்