முகாம் இளைஞர்களும் ஊர் இளைஞர்களும் ஒரே அணியில் விளையாட வழிசெய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர், மற்றும் பழவிளை சுற்றுவட்டாரப் பெற்றோர், இளைஞர்கள்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
கன்னியாகுமரி மாவட்டம், நாகர்கோவில்.

பொருள்: இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இளைஞர்களை ஊர் அணிகளில் சேர்ப்பது, போட்டிகளுக்கு வெளியூர் செல்ல முகாம் அனுமதியை எளிதாக்குவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

பழவிளை, பெருமாள்புரம், ஞாறாம்விளை, கோழிவிளை முகாம்களில் இன்று வளரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் இங்கேயே பிறந்தவர்கள். 1983-க்குப் பிறகு கடல் கடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் அவர்களில் உண்டு. பள்ளியில் ஊர்ப் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் இருக்கிறார்கள். சாயங்காலம் ஆனால் ஊர்ப் பையன்கள் ஊர் கிரவுண்டில், இவர்கள் முகாமுக்குள் கிடைத்த இடத்தில். சண்டை எதுவும் இல்லை, பழக்கமும் இல்லை.

கால்பந்து நம் மாவட்டத்துக்குச் சொல்லித்தர வேண்டிய ஆட்டமல்ல. தூத்தூர், இரவிபுத்தன்துறை பக்கம் பந்து உதைக்காத பையனைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இரவிபுத்தன்துறையின் மைக்கேல் சூசைராஜ் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கால்பந்துத் தொடர் வரை ஆடியவர். அதனால் பந்து வேண்டும், கோச் வேண்டும் என்று நாங்கள் முதலில் கேட்கவில்லை. முகாம்களுக்கென்று தனியாகப் போட்டி நடத்திவிட்டு அதோடு நின்றுவிட வேண்டாம் என்பதே எங்கள் முதல் கோரிக்கை. முகாம் அணியையும் ஊர் அணியையும் எதிரெதிரே நிறுத்துவது அதைவிட மோசம். ஒரு பெனால்டி தகராறு போதும், வேண்டாத பேச்செல்லாம் வெளியே வந்துவிடும். மாவட்ட நிர்வாகம் ஆதரவு தரும் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து), வாலிபால், கபடிப் போட்டிகளில் முகாம் பிள்ளைகளும் ஊர்ப் பிள்ளைகளும் கலந்த அணிகளுக்கு முன்னுரிமை தர வேண்டுகிறோம்.

இதில் மிகையாக எதையும் சொல்ல விரும்பவில்லை. இராக்கில் இடம்பெயர்ந்த கிறிஸ்தவ இளைஞர்களின் கால்பந்து அணிகள் சிலவற்றில் முஸ்லிம் ஆட்டக்காரர்களைச் சேர்த்துப் பார்த்த ஆய்வாளர் சல்மா மூசாவின் ஆய்வு 2020-இல் வெளியானது. கலந்து ஆடியவர்கள் அடுத்த சீசனிலும் கலந்த அணியில் சேர முன்வந்தார்கள். தொடர் முடிந்த பிறகும் சேர்ந்து பயிற்சி எடுத்தார்கள். ஆனால் மைதானத்துக்கு வெளியே அந்த நெருக்கம் அவ்வளவாகப் பரவவில்லை. ஆகவே குடியரசு தினத்துக்கு ஒரு கோப்பை, ஒரு போட்டோ என்று முடித்தால் பலன் இருக்காது. வருடம் முழுவதும் பயிற்சி நடக்க வேண்டும், சேர்ந்து வெளியூர் போய்வர வேண்டும்.

அந்த வெளியூர்ப் பயணம்தான் இப்போது பெரிய தடை. இரவு தங்க வேண்டிய போட்டி என்றால் முகாம் பையன் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். போட்டி அட்டவணையோ பல நேரம் இரண்டு நாள் முன்புதான் கைக்கு வரும். முகாமில் ஆட்களைச் சரிபார்க்கும் செக்கிங் நாளில் ஆள் இல்லை என்றால் குடும்பத்துக்கு வரும் உதவித்தொகை என்னாகுமோ என்ற பயம் வேறு. கடைசியில் நல்ல கோல்கீப்பரை விட்டுவிட்டு வேன் கிளம்புகிறது. அடுத்த முறை பயிற்சியாளர் அவனை அணியில் எடுக்கவே தயங்குகிறார். அவரையும் குறைசொல்ல முடியாது. பாதுகாப்புக் காரணங்கள் எங்களுக்குப் புரிகின்றன. அணியின் பெயர்ப்பட்டியலையும் பொறுப்பாளரின் உறுதிமொழியையும் சீசன் தொடக்கத்திலேயே பெற்றுக்கொண்டு, சீசன் முழுவதற்கும் ஒரே அனுமதியாகத் தரலாமே. பயண விவரத்தை அந்தந்த நேரத்தில் முகாம் அலுவலருக்குத் தெரிவிக்கிறோம்.

முகாமின் பெண் பிள்ளைகள் நிலை இன்னும் சிரமம். இருட்டுவதற்குள் வீடு திரும்ப முடியுமா என்பதுதான் அம்மாக்களின் முதல் கேள்வி. கோழிவிளையிலிருந்து நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கத்துக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவர்களைத் தினமும் அங்கே வரச்சொல்வதைவிட, முகாமுக்குப் பக்கத்து அரசுப் பள்ளி மைதானத்தில் வாரத்தில் சில நாட்களாவது பெண் பயிற்சியாளரை அமர்த்த வேண்டுகிறோம். கலைஞர் விளையாட்டு உபகரணத் திட்டத்தில் ஊராட்சிகளுக்கு வந்த உபகரணங்களை முகாம் பிள்ளைகளும் பயன்படுத்தலாம் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும், அதற்குத் தனியாகச் செலவில்லை.

முதலமைச்சர் கோப்பை போன்ற போட்டிகளுக்குப் பதிவு செய்யும்போது முகாம் அடையாள அட்டையை ஏற்பதில் குழப்பம் வராதபடி, மாவட்ட விளையாட்டு அலுவலர் வழியாகத் தெளிவான வழிகாட்டுதல் தேவை. ஒலிம்பிக்கிலேயே 2016 முதல் அகதிகளுக்கு அணி இருக்கிறது. 2024 பாரிஸில் அந்த அணியின் சிண்டி இங்காம்பா குத்துச்சண்டையில் வெண்கலமும் வாங்கினார். நாங்கள் கேட்பது மாவட்ட அளவில் ஒரு ஜெர்சி, அவ்வளவுதான்.

அடுத்த சீசன் தொடங்கும் முன், விளையாட்டு அலுவலர், முகாம் பொறுப்பு அலுவலர், எங்கள் பிரதிநிதிகள் மூவரும் சேர்ந்து பேச ஒரு கூட்டத்துக்கு உத்தரவிடுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
மனுதாரர்கள்
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)