பாட்டைப் போடுங்கள், பெயரையும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

புரசைவாக்கத்தில் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். மெஷின் ஓடுகிற நேரமெல்லாம் கடையில் ரேடியோவும் ஓடும். முப்பது வருஷத்துக்கு மேலாக இப்படித்தான்.

போன மாதம் ஒரு நாள் மத்தியானம் ப்ளவுஸ் அளவு கொடுக்க ஒரு அம்மா வந்திருந்தார். ஒரு தனியார் எஃப்எம்மில் ‘பூங்கதவே தாழ் திறவாய்’ போய்க்கொண்டிருந்தது. “ஜானகி குரல் மாதிரி வருமா” என்றார். இல்லைங்க, இது உமா ரமணன், கூடப் பாடுவது தீபன் சக்கரவர்த்தி என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. சரி, பாட்டு முடிந்ததும் எப்படியும் சொல்வார்கள், கேட்டுக்கொள்ளலாம் என்று டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நின்றேன். பாட்டை முடியவே விடவில்லை சார். கடைசி வரிகள் போகும்போதே சத்தத்தைக் குறைத்துவிட்டு ஜிங்கிள் அடித்தார்கள், பின்னாலேயே நகைக்கடன் விளம்பரம், ஃப்ளாட் விளம்பரம், அப்புறம் ஆர்ஜே வந்து உங்கள் மாமியாருக்கு நீங்கள் வைத்திருக்கும் பட்டப்பெயர் என்ன, வாட்ஸ்அப் பண்ணுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார். அந்தப் பாட்டுக்கும் பெயர் இல்லை. அந்த அம்மா ஜெயித்த மாதிரி ஒரு சிரிப்பு சிரித்துவிட்டுப் போனார்.

உமா ரமணன் 2024 மே 1 அன்று காலமானார். மறுநாள் கடைக்கு வந்தவர்களில் இரண்டு மூன்று பேர், “இந்தப் பாட்டெல்லாம் இவங்க பாடினதா?” என்று என்னிடமே கேட்டார்கள். ‘பூங்கதவே’ பாட்டு வரும் ‘நிழல்கள்’ படம் வந்தது 1980-ல். நாற்பது வருஷத்துக்கு மேல் கேட்ட குரலின் பெயர், அந்தக் குரலுக்கு உரியவர் போன பிறகுதான் தெரிய வேண்டுமா? அதே ‘நிழல்கள்’ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாப் பாட்டுக்கும் இசை இளையராஜா என்பது எல்லோருக்கும் தெரியும். ‘பொன்மாலைப் பொழுது’ வைரமுத்துவின் முதல் பாட்டு, ‘மடை திறந்து’ வாலி, ‘பூங்கதவே’ கங்கை அமரன். ஒரே படத்தில் இத்தனை பேர் கை இருக்கிறது. பெயர் சொல்லாமல் போட்டால் எல்லாம் சேர்ந்து வெறும் “எய்ட்டீஸ் ஹிட்ஸ்” ஆகிவிடுகிறது. வாலி எழுதியதில் பாதியைக் கண்ணதாசன் கணக்கில் எழுதி வைப்பது நம் ஊரில் ஏற்கெனவே உள்ள வியாதி, அதற்கு இது வேறு துணை.

இந்த ஊருக்கு ரேடியோ புதிதில்லை. 1924-லேயே மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப், 1930-ல் மாநகராட்சி எடுத்து நடத்தியது, 1938 ஜூன் 16-ல் அகில இந்திய வானொலி. நாட்டின் முதல் எஃப்எம் ஒலிபரப்பே இங்கேதான், 1977 ஜூலை 23. தனியார் எஃப்எம் 2003-ல் வந்தது, 2006-ல் இன்னும் பல சேர்ந்தன, அதுவரை ஒரே அலைவரிசையைப் பிடித்துக்கொண்டிருந்த நான் முள்ளைத் திருப்பித் திருப்பி விளையாடிக்கொண்டிருந்தேன். இந்த நூறு வருஷத்தில் பாட்டு போடும் பாணி எத்தனையோ தடவை மாறிவிட்டது. அதை நான் குறை சொல்லவில்லை, மாறத்தான் வேண்டும். என் பேத்தி கேட்கும் பாட்டும் நான் கேட்கும் பாட்டும் ஒன்றாக இருந்தால்தான் ஆச்சரியம்.

பெயர் சொல்வதற்கே ஒரு காலத்தில் பெரிய சண்டை நடந்திருக்கிறது, தெரியுமா? 1952-ல் பி.வி. கேஸ்கர் வானொலியைக் கவனிக்கும் மத்திய செய்தி ஒலிபரப்பு அமைச்சராக வந்த காலம். சினிமாப் பாட்டு என்றாலே அவருக்கு ஆகாது. பாட்டு போடும்போது படத்தின் பெயரைச் சொன்னால் அது விளம்பரமாகிவிடும் என்று வானொலியில் பாடியவர் பெயரை மட்டும் சொன்னார்கள். தயாரிப்பாளர்களுக்குக் கோபம் வந்து, பாட்டு போடக் கொடுத்திருந்த அனுமதியையே திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஜனங்கள் என்ன செய்தார்கள்? முள்ளை இலங்கைப் பக்கம் திருப்பிவிட்டார்கள். கடைசியில் 1957 அக்டோபர் 3-ல் அகில இந்திய வானொலி விவித் பாரதி என்ற சினிமாப் பாட்டுச் சேவையை ஆரம்பித்துத்தான் அவர்களைத் திரும்பக் கூப்பிட வேண்டியிருந்தது. என் அப்பா அதற்கப்புறமும் திரும்பவில்லை, அது வேறு கதை. கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீத் என்று இலங்கை வானொலி அறிவிப்பாளர்களை சொந்தக்காரர்கள் மாதிரி பேசுவார். படம், பாடியவர், இயற்றியவர், இசை என்று அவர்கள் சொல்லச் சொல்ல எனக்கும் மனப்பாடம். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு வரவில்லை, இது வந்தது.

இன்னொன்று, லதா மங்கேஷ்கர் 2022-ல் காலமானபோது பேப்பரில் படித்தது. 1949-ல் ‘மகால்’ என்ற இந்திப் படத்தில் அவர் பாடிய பாட்டுக்கு, முதலில் வந்த இசைத்தட்டில் அவர் பெயரே இல்லை. படத்தில் வரும் கதாபாத்திரத்தின் பெயரான காமினி என்று போட்டிருந்தார்கள். ரேடியோவில் கேட்டவர்கள் இது யார் குரல் என்று எழுதிக் கேட்கக் கேட்கத்தான் உண்மைப் பெயர் வெளியே வந்தது. அதைப் படித்த தைரியத்தில்தான் நானும் உங்களுக்கு எழுதுகிறேன்.

இப்போது நான் சொல்லும் தனியார் நிலையத்துக்கு வருகிறேன், பெயர் வேண்டாம். ஆரம்பத்தில் எல்லாக் காலத்துப் பாட்டும் போட்டார்கள். அப்புறம் புதுப் பாட்டு மட்டும் என்றார்கள், காலை ஏழு மணிக்குக் கேட்ட பாட்டையே கடை சாத்துவதற்குள் நாலு தடவை கேட்டிருக்கிறேன். அப்புறம் ராத்திரி பத்து மணிக்கு மேல் பழைய மெலடி வந்தது. தீபாவளி சமயத்தில் விடிய விடியத் தைப்போமே, அப்போதெல்லாம் அந்த நிகழ்ச்சிதான் எங்களைத் தூங்காமல் வைத்திருந்தது. ஒரு திங்கட்கிழமை ரேடியோவைப் போட்டால் நிகழ்ச்சியும் இல்லை, நடத்தியவரும் இல்லை, ஜிங்கிள்கூட வேறு. ஒரு வார்த்தை முன்னால் சொல்லவில்லை. காஜா எடுக்கும் பையன் ரேடியோ கெட்டுப்போச்சு என்றே நினைத்தான். இப்போது மறுபடி பழைய பாட்டு, பெயர் மட்டும் ரெட்ரோ. இத்தனை மாற்றத்திலும் ஒன்று மட்டும் படிப்படியாகக் கழன்று போனது. முதலில் பாடலாசிரியர் பெயர் போனது, அடுத்து பாடியவர் பெயர், கடைசியில் படத்தின் பெயரும் போனது. இசையமைப்பாளர் பெயரை மட்டும் எப்போதாவது சொல்கிறார்கள், அதுவும் அவருக்குப் பிறந்தநாள் என்றால்.

ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். தனியார் நிலையங்கள் சொந்தமாகச் செய்தி வாசிக்கக் கூடாது என்பது அரசாங்கத்தின் விதி, அகில இந்திய வானொலியின் செய்தியை அப்படியே எடுத்துப் போடலாம், அவ்வளவுதான். ஆக, இருப்பது பாட்டும் பேச்சும் விளம்பரமும். ரேடியோ விளம்பரத்தைப் பத்து விநாடிக் கணக்கில் விற்கிறார்கள். நான் கடிகாரத்தை வைத்துச் சொல்லிப் பார்த்தேன். படம் நிழல்கள், பாடியவர்கள் உமா ரமணன், தீபன் சக்கரவர்த்தி, இயற்றியவர் கங்கை அமரன், இசை இளையராஜா. நிதானமாகச் சொன்னாலும் பத்து விநாடிக்குள் முடிந்துவிட்டது. அந்தப் பத்து விநாடிதான் விற்பனைக்குப் போகிறது என்று நினைக்கிறேன். அவர்களுக்கும் உரிமக் கட்டணம், சம்பளம், கரண்ட் எல்லாம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மாமியார் பட்டப்பெயருக்கு மட்டும் இரண்டு நிமிஷம் எங்கிருந்து வருகிறது?

பதிப்புரிமைச் சட்டத்தை 2012-ல் திருத்தி, சினிமாப் பாட்டு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு, அதை வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக் கொடுத்துவிட முடியாது என்று ஆக்கியிருக்கிறார்கள். நல்ல விஷயம். பணத்துக்கு உரியவர் என்று சட்டமே சொல்கிற ஆளின் பெயரைப் பாட்டு போடுகிறவர் சொல்ல மாட்டேன் என்றால் எப்படி? நான் தைத்த சட்டையிலேயே காலரில் கடை பெயர் போட்ட லேபிள் வைக்கிறேன். வெறும் நானூறு ரூபாய்ச் சட்டை சார் அது.

என் பையனிடம் புலம்பினால், “போன்ல கேளுப்பா, எந்தப் பாட்டுன்னாலும் சொல்லிடும்” என்கிறான். சொல்லும்தான். கை ரெண்டும் துணியில் இருக்கும்போது போனை யார் எடுப்பது? அதுவுமில்லாமல் தேடுகிறவனுக்குத்தான் போன் சொல்லும். தேடாதவன் காதிலும் தானாக விழுவதுதான் ரேடியோ. எனக்கு எந்தப் பாடலாசிரியரையும் தேடித் தெரியாது, விழுந்து விழுந்துதான் தெரிந்தது.

இது முடியாத காரியமும் இல்லை. கடற்கரைச் சாலையில் இருக்கும் அகில இந்திய வானொலி நிலையத்தில் இன்றைக்கும் சொல்கிறார்கள். அங்கே ஒரு கர்நாடக சங்கீதக் கச்சேரி போட்டால் ராகம், தாளம், இயற்றியவர் மட்டுமில்லை, கடம் வாசித்தவர் வரைக்கும் பெயர் வரும். தனியார் நிலையங்கள் அவ்வளவு கூடப் போக வேண்டாம். ஒவ்வொரு பாட்டுக்கும் முடியாது என்றால் மூன்று பாட்டுக்கு ஒரு தடவை, போன மூன்றுக்கும் சேர்த்துச் சொல்லட்டும். பாட்டைத் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்துவது கம்ப்யூட்டர்தானாமே, அதில் இந்த விவரமும் இருக்காதா என்ன? ஆர்ஜே கண்ணுக்கு முன்னாலேயே இருக்கும், வாயைத் திறந்து படித்தால் போதும். நிகழ்ச்சியை மாற்றுவதாக இருந்தால் ஒரு வாரம் முன்னாலேயே சொல்லிவிட்டு மாற்றட்டும், இதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த அம்மா வெள்ளிக்கிழமை ப்ளவுஸ் வாங்க வந்தார். மறுபடி பேச்செடுத்தேன். “நீங்க என்ன வேணா சொல்லுங்க, அது ஜானகிதான்” என்கிறார். கை லூஸாக இருக்கிறது என்று ப்ளவுஸையும் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு தையல்காரர்,
புரசைவாக்கம், சென்னை.