மலையில் மருத்துவமனை: கட்டடத்துக்கு முன் தண்ணீர்

ஆசிரியருக்கு வணக்கம்.

சேர்வராயன் மலைக் கிராமங்களுக்குப் புதிய மருத்துவமனை திட்டமிடும்போது மக்கள்தொகையை மட்டும் பார்ப்பது போதாது. மலைப்பகுதியில் 20,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது விதி. ஆனால் ஏற்காட்டிலிருந்து சேலம் இறங்க 20 கொண்டை ஊசி வளைவுகள். மழையில் மண் சரிந்தால் அந்த வழியும் அடைபடும். எந்த ஊரிலிருந்து எத்தனை நிமிடம் என்பதுதான் முதல் கணக்காக இருக்க வேண்டும்.

அடுத்தது தண்ணீர். ஒரு படுக்கைக்கு நாளொன்றுக்கு 340 லிட்டர் என்றால், 30 படுக்கைக்கு 10,200 லிட்டர். ஏப்ரல், மே மாதங்களில் அந்த இடத்தில் இவ்வளவு ஊறுமா என்று பார்க்காமல் அஸ்திவாரம் போடக் கூடாது. மூன்று நாள் இருப்புக்குத் தொட்டியும் வேண்டும்.

ஆக்சிஜனும் அப்படித்தான். 7,000 லிட்டர் சிலிண்டர், நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓடினால் 12 மணி நேரம்கூட வராது. ரத்தம் 2 முதல் 6 டிகிரியில் இருக்க வேண்டும். மின்தடை நீண்டால் வீணாகிவிடும். ஜெனரேட்டர் இல்லாத ரத்த சேமிப்பு அறையால் பிரசவத்தில் தவிக்கும் தாய்க்கு என்ன பயன்?

மயக்க மருத்துவர் இல்லையென்றால் அறுவை அரங்கு பூட்டியே கிடக்கும். ஆகவே மருத்துவர்கள் மலையிலேயே தங்கிப் பணியாற்ற, பணியாளர் குடியிருப்பை முதல் கட்டத்திலேயே கட்டுங்கள்.

– ஏற்காடு வாசகர்கள்